முப்பத்தெட்டாவது இசைத்தட்டு

1998 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. ஆம்பூரை அடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் ஈரப்பகுதி.

காலை 10.10. சுண்ணாம்புக் கழிவுநீர்த் தொட்டியில் ரோமமும் கொழுப்பும் அடைத்துக்கொண்டன. அடைப்பை எடுக்க ஏகாம்பரம் என்னும் தொழிலாளர் உள்ளே இறங்கினார். வயது நாற்பத்திரண்டு. பதினாறு ஆண்டுப் பணி. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் டிரம்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

10.30. அலுவலகத்துக்குத் தபால் வந்தது. ஈரப்பகுதி மேற்பார்வையாளர் பெயருக்கு இங்கிலாந்திலிருந்து சதுரமான பார்சல் ஒன்று அதில் இருந்தது.

10.40. மேற்பார்வையாளர் மூன்றாம் எண் டிரம்மைத் திறந்து அமிலநீரை வடியவிட்டார்.

10.45. கால்வாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் தடுப்புப் பலகை மாற்றப்படாமல் இருந்ததால், அமிலத் தொட்டிக்குச் செல்ல வேண்டிய நீர் சுண்ணாம்புத் தொட்டிக்குள் சென்றது. அங்கிருந்த சல்ஃபைடுடன் அமிலம் கலந்து நச்சுவாயு எழுந்தது.

11.05. ஏகாம்பரத்தை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

பலகை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதை அந்தப் பக்கம் விட்டவர் யார் என்பதே விசாரணையின் கேள்வி. மேற்பார்வையாளர் என் தம்பி. இதைவிட நயமான ஒரு குறிப்பை, இதே நிகழ்வைப் பற்றி, மூன்று நாட்கள் கழித்து நான் எழுதினேன். அதற்குமுன் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனுக்குக் கை தெரியும். அவனுடைய சொல்லே அது. ஒரு பொருளைப் பார்த்தோ தொட்டோ கேட்டோ அதைச் செய்தவரைச் சொல்லிவிடுவான். தோலின் உட்புறத்தைச் சீவிச் சமப்படுத்தும் இயந்திரத்தில் ஐந்து பேர் முறைமாற்றி நிற்பார்கள். சீவி முடித்த தோலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, இன்னார் சீவியது என்பான். தோலோடு வரும் அட்டையில் எழுதியிருக்கும் பெயரை அவன் பார்ப்பதில்லை. "அட்டை பொய் சொல்லும் அண்ணா. ஒருத்தன் லீவுன்னா இன்னொருத்தன் பேர்ல ஓட்டுவாங்க" என்பான்.

தரம் பிரிக்கும் கூடத்தின் மூத்தவர் சுலைமான் பாய். இதை அவர் நம்பவில்லை. ஒரு நாள் மூன்று தோல்களை மேசையில் விரித்துவைத்து அவனை அழைத்தாராம்.

"இன்னாப்பா, தோலைப் பாத்து ஜோசியம் சொல்றியாமே. இதுக்குச் சொல்லு, பாக்கலாம்."

"இது கோவிந்தன், பாய். கழுத்துக்கிட்ட வந்தா பயந்து கையைத் தூக்கிடுவாரு. இது பெரியசாமி." மூன்றாவதைத் தடவியவன், நிறுத்தி, மீண்டும் தடவினானாம். "இது நீங்க. ஆனா எடது கை."

கூடம் முழுதும் சிரித்தது. பாய் இடது கையால் சீவிக்கொண்டுவந்தது உண்மை. "அடப்பாவி, எங்க ஊட்டுல கூட என்னைப் பத்தி இவ்ளோ ஜாஸ்தி தெரியாதேடா" என்றாராம்.

என்னைவிட அவன் பதினொரு வயது இளையவன். மணம் செய்துகொள்ளவில்லை. வேலூரில் என் வீட்டு மாடி அறையில் இருந்தான். விடியலில் காட்பாடிக்குப் போய் ரயில் பிடிப்பான். மாலையில் திரும்பியதும் எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே எவரிடமும் பேசுவான். நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். ஆசிரியர் யார் என்று தெரியாத பழம் பிரதிகளைச் சொல்லாட்சி கொண்டு ஆராய்வது என் துறை. அதற்கு நான் பதினான்கு ஆண்டுகள் செலவிட்டிருந்தேன். அவன் கட்டைவிரலால் செய்ததையே நான் அடிக்குறிப்புகளோடு செய்தேன் என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை.

1993 இல் ஒரு நாள் ஓர் ஒலிநாடாவுடன் வந்தான். தோல் இரசாயனம் விற்கும் நிறுவனமொன்றின் ஆலோசகர், ஓர் ஆங்கிலேயர், ஆண்டுக்கு இருமுறை ஆம்பூருக்கு வருவார். சொந்த ஊரில் வார இறுதிகளில் நடன அரங்குகளில் இசைத்தட்டு சுழற்றுபவர் அவர். விருந்தினர் இல்லத்தில் அவர் ஒலிக்கவிட்ட நாடாவைத் தம்பி வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.

"இது நம்ம டிரம் மாதிரியே இருக்கே சார்" என்றானாம். சுழலும் பெரிய மர டிரம்மில் நனைந்த தோல்கள் உள்முளைகளில் தொங்கி மேலேறி, உச்சியிலிருந்து தண்ணீரில் விழும் ஓசையை அவன் சொன்னான். "நாலு டிரம்மை ஒண்ணா ஓடவிட்டா இதே கணக்குதான்."

அந்த இசையை அமைத்தவர் இங்கிலாந்துக்காரர். பாடுவதில்லை, மேடையேறுவதில்லை. அறைக்குள் இயந்திரங்களைக் கொண்டு ஆடுவதற்கான இசையைச் செய்து தட்டுகளாக வெளியிடுபவர். ஒரே பெயரில் அவர் வெளியிடுவதில்லை என்பதுதான் தம்பியைப் பிடித்துக்கொண்டது. ஏழு பெயர்கள் அவருக்கு இருந்தன. சில தட்டுகளில் பெயரே இராது. வெறும் வெள்ளை வட்டம். அதில் ரப்பர் முத்திரையால் ஓர் எண்.

ஆலோசகர் ஒவ்வொரு வருகையிலும் இரண்டு மூன்று தட்டுகளைத் தோல் மாதிரிகளுக்கிடையே வைத்துக் கொண்டுவந்தார். பின்னர் தபாலிலும் அனுப்பினார். ஈடாகத் தம்பி, மென்தோலை வட்டமாக வெட்டித் தட்டுக்கு அடியில் போடும் விரிப்புகள் செய்து கொடுத்தான். இருவருக்குமிடையே ஒரு பந்தயம் உருவாயிற்று. வேறு பலருடைய தட்டுகளையும் அவர் கலந்து அனுப்புவார், பெயரை மறைத்து. எது அந்த இசையமைப்பாளருடையது, எது அல்ல என்று தம்பி கேட்டுச் சொல்ல வேண்டும். ஐம்பது தட்டுகள் ஆனதும் விடைகளை மொத்தமாகச் சொல்வதாக ஏற்பாடு.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான். வரிசை எண், தட்டின் மேலுள்ள எண், கேட்ட நாள், கடைசியில் தீர்ப்பு. தீர்ப்பு இரண்டே வகை: 'அவரே', 'அவரல்ல'. 'இருக்கலாம்' என்று ஓரிடத்திலும் இல்லை. தோலின் மயிர்த்துளைகளைப் பார்க்கும் லென்ஸால், தட்டின் உட்சுழியில் கீறப்பட்டிருக்கும் எழுத்துகளைக்கூடப் பார்ப்பான். ஆனால் கேட்டு எழுதிய பிறகே பார்ப்பான்.

எங்கள் தந்தையின் பழைய இசைத்தட்டுப் பெட்டி அவன் அறையில் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கீர்த்தனைத் தட்டுகள் கேட்பதற்கென்று தந்தை வாங்கியது. அதில் இந்த இடி எழும்போது என் மனைவி கூரையைப் பார்த்து, "உங்க தம்பி மேல மாவு மிஷின் வெச்சிட்டாரு" என்பாள். ஊசி தேய்ந்தால் லாங் பஜாரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குப் போவான். கடைக்காரர், "இன்னா சார், மாசத்துக்கொரு ஊசி. பாட்டு கேக்கறீங்களா, துணி தைக்கறீங்களா?" என்று கேட்பார். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எங்கள் தாயினுடையது.

ஒருமுறை நான் கேட்டேன். "ஏழு பேரையும் ஒரே ஆளுன்னு எதை வெச்சுடா சொல்றே?"

"அந்தக் கனமான கீழ்சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு அரை மூச்சு நிறுத்துவாரு அண்ணா. எல்லாரும் நேரா வந்து விழுவாங்க. இவரு நிறுத்திட்டுத்தான் விழுவாரு. பேரை மாத்தலாம். அதை மாத்த முடியாது. அது அவருக்கே தெரியாது."

ஈரப்பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. டிரம்மைத் திறப்பவரே முதலில் கால்வாயருகே போய்ப் பலகையைக் கையால் தூக்கி, உரிய பக்கத்தில் செருக வேண்டும். சுண்ணாம்பு நீர் ஒரு தொட்டிக்கு, அமிலநீர் மற்றொன்றுக்கு. செருகியதும் "பலகை!" என்று குரல் கொடுப்பார். தொட்டியருகே நிற்பவர் பார்த்து, "ஆச்சு!" என்பார். அதன்பிறகே டிரம் திறக்கும். எழுதப்பட்ட விதி இல்லை. பாட்டன் காலத்திலிருந்து வாய்வழி வந்தது. மேற்பார்வையாளன் ஆன பிறகும் பலகையைத் தம்பி பிறரிடம் விடவில்லை. நாளுக்கு ஏழெட்டு முறை அவன் கை அந்தப் பலகையைத் தூக்கிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை "பலகை!" என்ற குரலைக் கேட்டதாக எவரும் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் எவரும் சொல்லவில்லை. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஆச்சு" என்று சொல்ல வேண்டியவர் தொட்டிக்குள் இருந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் விளக்கக் கடிதம் தர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. உணவு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பிரிக்கப்படாத பார்சல் மேசை ஓரத்தில் கிடந்தது.

"பலகையை மாத்தினியா?"

"மாத்துன மாதிரிதான் இருக்கு அண்ணா."

"மாதிரின்னு எழுத முடியாதுடா."

"பலகைகிட்ட கை போன ஞாபகம் இருக்கு. ஆனா தெனமும் போற கை. இது அன்னிக்குப் போனதா, முந்தின நாள் போனதான்னு..." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "பியூன் வந்து, சார், இங்கிலாந்து பார்சல்னு கத்துனான். அப்போ நான் டிரம்கிட்ட நின்னேனா, பலகைகிட்ட நின்னேனா..."

"அதை யாரும் கேக்கலை" என்றேன்.

அவன் பெயரில் நான் எழுதியதன் சாரம் இது: தடுப்புப் பலகையை அமிலத் தொட்டியின் பக்கம் மாற்றிய பின்னரே டிரம்மைத் திறந்தேன் என உறுதியாகக் கூறுகிறேன். அதன்பின், காலஞ்சென்றவர் தம் வேலையின் வசதிக்காக அதனைத் திரும்ப எடுத்திருக்கலாம்.

'எடுத்திருக்கலாம்' என்ற சொல்லில் எனக்கு அன்று ஒரு மனநிறைவு இருந்தது. எவரையும் குற்றம் சாட்டாத சொல் என்று கருதினேன். விசாரணை அறிக்கையில் அது 'எடுத்தார்' ஆயிற்று.

தம்பி இருமுறை படித்தான். "நல்லா இருக்கு. இதுல உங்க கை தெரியுது அண்ணா" என்றான். கையொப்பமிட்டான். பிறகு பார்சலைப் பிரித்தான். வெள்ளை வட்டம், பெயர் இல்லை, முத்திரை எண் மட்டும். மேலே போய் ஒலிக்கவிட்டான். முதன்முறையாகக் கூரை அதிரவில்லை. தொலைவில் ஒரு பெண் குரல் சொல்லின்றி இழுத்துக்கொண்டிருந்தது. தாளமே வரவில்லை என்றுகூடச் சொல்லலாம். இறங்கிவந்து, கையொப்பமிட்ட அதே பேனாவை எடுத்து நோட்டில் எழுதினான். முப்பத்தெட்டு. 'அவரல்ல'.

ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலையின்போது ஒருவர் இறந்தால், அவர் வீட்டில் ஒருவருக்கு அங்கேயே வேலை கொடுப்பார்கள். இதுவும் எழுதப்படாத வழக்கமே. இறந்தவரின் சொந்தத் தவறு என்றால் அது இல்லை. ஏகாம்பரத்தின் மனைவி வேலை கேட்டு நான்கு மாதங்கள் தொழிற்சாலை வாயிலுக்கு வந்தார். ஏகாம்பரம் குடித்துவிட்டுத் தொட்டியில் இறங்கினார் என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. அவர் குடிப்பவர் அல்லர் என்பதைத் தம்பி அறிவான். அதை அவன் எங்கும் சொல்லவில்லை. நான் எழுதிய கடிதத்தில் அதற்கு இடமில்லை.

ஒரு நாள் அந்த அம்மாள் வாயிலில் அவனை நிறுத்தினார்.

"சார், பதினாறு வருசமா பலகையைப் பாத்து ஆச்சுன்னு சொன்ன ஆளு. அதை எந்தப் பக்கம் வெக்கணும்னு அவருக்குத் தெரியாதா?"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"நீங்க கை பாத்துச் சொல்றவராமே. அவரு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எங்க சாரு மோந்து பாத்தே ஆளு பேரு சொல்லுவாருன்னு. அந்தப் பலகை உள்ளதானே இருக்கு? போய்ப் பாத்துச் சொல்லுங்க சார், யார் கை கடைசியா பட்டதுன்னு."

இதை அன்று மாலையே என்னிடம் சொன்னான். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். வழக்கத்தைவிட வெகுநேரம் தேய்த்தான். "இன்னா சொன்னீங்க?" என்று என் மனைவி கேட்டாள். "வர்றேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான்.

அதன்பிறகு அவனிடம் ஒரு பழக்கம் சேர்ந்தது. கை கழுவும் தொட்டியின் அடைப்பானை எடுப்பதற்குமுன், மெல்லிய குரலில் "பலகை" என்பான். சற்று நிற்பான். பிறகு எடுப்பான். தட்டுகள் வந்துகொண்டிருந்தன. நாற்பத்தாறு வரை நோட்டு நீண்டது. தோலைத் தடவிப் பெயர் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டான். சுலைமான் பாய் பலமுறை வம்புக்கு இழுத்துப் பார்த்தார். "இன்னா தோஸ்த், கடையை மூடிட்டியா?" என்று கேட்டதற்கு, "ஆமா பாய், சரக்கு கம்மி" என்றானாம்.

2004 இல், காட்பாடியில் பல்கலைக்கழகம் போகும் சாலையிலிருந்த ஒரு கணினி மையத்துக்கு என்னுடன் வந்தான். நான் ஒரு கட்டுரையை அனுப்ப வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும், அந்த இசையமைப்பாளரின் பெயரைத் தேடித் தரச் சொன்னான். அவருடைய தட்டுகள் அனைத்தையும், எந்தப் பெயரில் எந்த ஆண்டு வந்தவை என்ற விவரத்துடன் யாரோ ஒருவர் வரிசையாகத் தொகுத்திருந்தார். தம்பி பையிலிருந்து நோட்டை எடுத்தான். கொண்டுவந்திருந்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஒவ்வொரு எண்ணாக நான் படித்தேன். அவன் சரிபார்த்தான். 'அவரே' என்று எழுதிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருந்தது. 'அவரல்ல' என்று எழுதியவை, ஒன்றைத் தவிர, இல்லை. என் துறையில் எவரும் அடையாத துல்லியம் அது. நான் அதைச் சொன்னேன். முப்பத்தெட்டில் அவன் விரல் நின்றிருந்தது.

அந்தத் தட்டின் முத்திரை எண் பட்டியலில் இருந்தது. புனைபெயர்கள் ஏதுமின்றி, தம் இயற்பெயரில் அவர் வெளியிட்ட ஒரே தட்டு அது என்று குறிப்பு சொன்னது. தம்பியிடம் வந்தது, பெயர் அச்சிடுவதற்குமுன் எடுத்த பிரதி.

"இன்னொரு தபா மேல போங்க அண்ணா" என்றான். போனேன். "கீழ வாங்க." வந்தேன். நோட்டை மூடினான்.

ரயில்வே மேம்பாலத்தின் நடுவில்தான் பேசினான். கீழே சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் ரெண்டு விஷயம் சொன்னேன். பலகையை மாத்துனேன்னு ஒண்ணு. இது அவரல்லன்னு ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி உறுதி."

"ஒன்னு தப்புங்கறதால இன்னொன்னும் தப்புன்னு ஆயிடாதுடா. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் குடுக்கணும். நான் மாத்தலை அண்ணா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அன்னிக்கு மாத்துன ஞாபகமே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. உங்க லெட்டரைப் படிச்சதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

சரக்கு ரயில் கடந்து முடியும் வரை நின்றோம். பிறகு அவன் கேட்டது ஒன்றே. தொழிற்சாலை ஆய்வாளருக்கு இரண்டாவது கடிதம் ஒன்றை நான் எழுத வேண்டும். அவன் கையொப்பமிடுவான். ஏகாம்பரத்தின் மீதுள்ள பழி நீங்க வேண்டும்.

"நீயே எழுதலாமே" என்றேன்.

"அது உங்க கை போட்ட முடிச்சு. நீங்கதான் அவுக்கணும். நோட்டுல முப்பத்தெட்டை நான் இப்போ திருத்த மாட்டேன். நீங்க உங்களதைத் திருத்துற அன்னிக்கு நான் என்னதைத் திருத்தறேன். ஒரே நாள்ல."

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவன் வேறு யாரிடமேனும் போயிருப்பான். "யோசிச்சு எழுதணும்" என்றேன். என் பணி ஓய்வு வரட்டும் என்றேன். மகளின் திருமணம் முடியட்டும் என்றேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நியாயமான காரணங்களை அமைப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. மாதம் ஒருமுறை, "எழுதிட்டீங்களா அண்ணா?" என்பான். வற்புறுத்த மாட்டான். இரண்டாண்டுகள் அவன் அப்படிக் கேட்டான்.

2006 இல் தம்பியின் சிறுநீரகங்கள் பழுதாயின. மருத்துவமனை வார்டில் பதினேழு நாட்கள் இருந்தான். ஒரு பிற்பகல், விழித்து என்னைப் பார்த்தான்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்டா. பாதி ஆச்சு" என்றேன்.

நான் ஊற்றுப்பேனாவில் எழுதுபவன். எழுதிய நாளில் நடுவிரலின் பக்கத்தில் மை இருக்கும். சிறுவயதிலிருந்தே அவன் அதை அறிவான். என் வலக்கையை எடுத்தான். விரல்களை விரித்துப் பார்த்தான். கட்டைவிரலால் என் நடுவிரலின் ஓரத்தை, தோலைத் தடவுவதுபோல் ஒருமுறை தடவினான். பிறகு கையை என் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை இறந்தான்.

செய்யாமல் இருப்பவை:

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம். தேதியும் விளிப்பும் எழுதப்பட்டுள்ளன. கையொப்பமிட வேண்டியவன் இல்லாததால், இனி என் பெயரில்.

ஏகாம்பரத்தின் மனைவியைப் பார்ப்பது. முகவரி நோட்டின் கடைசிப் பக்கத்தில், தம்பியின் கையெழுத்தில் இருக்கிறது.

ஆங்கிலேய நண்பருக்கு மரணச் செய்தி. அவர் அனுப்பிய கடைசிப் பார்சல் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

லாங் பஜாரில் புதிய ஊசி.

முப்பத்தெட்டாவது தட்டை முழுதும் கேட்பது.

நோட்டில், அந்த எண்ணுக்கு எதிரே, ஒரு சொல்லை அடித்துவிட்டு மற்றதை எழுதுவது. இது கடைசியில். கடிதம் தபாலில் சேர்ந்த அதே நாளில்.